காஸ்ட்லி பேஸ் மக்கர் செய்யும்போது: அறிகுறியிலிருந்து பழுதுக்குப் போகும் வழி

பூட்டிக் பேஸ் என்று சொல்கிறோமே, சின்னப் பட்டறையில் ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து கையால் இழைத்துச் செய்யும் பேஸ் கிட்டார், அது கெட்டுப்போகும் விதத்தில் மட்டும் மற்ற எல்லா பேஸையும் போலத்தான். ஏழு அடுக்கு மரத்தில் கழுத்து இருக்கும், ரேகை ஓடும் மேல்பலகை இருக்கும், உள்ளே எபாக்ஸி பசை ஊற்றி மூடிய ப்ரீஆம்ப், அதாவது ஆம்ப்புக்குப் போகும் முன்பே சத்தத்தைச் சீர்செய்யும் சின்ன மின்சுற்று இருக்கும். பழுதோ கேபிள் செருகும் ஜாக்கில் இருக்கும், பேட்டரி கிளிப்பில் இருக்கும், லூசான ஒரு திருகில் இருக்கும். என்னுடைய ஐந்து தந்தி பேஸில் ஒருநாள் சத்தம் விட்டுவிட்டு வந்தது. இரண்டு மாலை உட்கார்ந்து ப்ரீஆம்ப்பைக் கழற்றி, ஒவ்வொரு பற்றவைப்பாகச் சோதித்து, புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமா என்ற அளவுக்குப் போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் கேபிள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான்.

அன்றிலிருந்து ஒரு வரிசையை விடுவதே இல்லை. முதலில் கேபிள், அப்புறம் ஆம்ப், அப்புறம் பேட்டரி, அதற்கப்புறம் ஜாக், கடைசியாகத்தான் பின்மூடியைத் திறப்பது. திறந்ததும் முதல் வேலை போட்டோ எடுப்பது. நாலு கோணத்தில், கம்பி நிறம் தெரிகிற மாதிரி. ஃபெண்டர் ஜாஸ் பேஸ் என்றால் வயரிங் படம் எங்கும் கிடைக்கும். 1969-இல் தொடங்கிய அலெம்பிக் கம்பெனியின் காலம் முதல் இந்த வகை பேஸ்கள் ஒவ்வொன்றுக்கும் உள்வயரிங் ஒவ்வொரு விதம், ஒரே தயாரிப்பாளர் செய்த இரண்டு பேஸ்களே ஒன்றுபோல் இருக்காது. நீங்கள் எடுத்து வைத்த போட்டோதான் உங்களுக்கு வரைபடம்.

சத்தமே வரவில்லை

வேறு கேபிள் போட்டுப் பார்த்தாயிற்று, ஆம்ப்பில் வேறு கிட்டார் பாடுகிறது, உங்கள் பேஸ் மட்டும் ஊமை. ஆக்டிவ் (பேட்டரியோடு), பாசிவ் (பேட்டரி இல்லாமல்) என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் பாசிவுக்குத் தள்ளுங்கள். அப்போது சத்தம் வந்தால் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் ஜாக்கும் நலம், பேட்டரி அல்லது ப்ரீஆம்ப்தான் குற்றவாளி. ஒரு விஷயம் கவனம்: பிக்கப்பே ஆக்டிவ் வகை என்றால், இஎம்ஜி கம்பெனியுடையது மாதிரி, பேட்டரி இல்லாமல் எந்த சுவிட்சைத் தட்டியும் பயனில்லை.

புதுப் பேட்டரி போட்டும் வரவில்லையென்றால் ஜாக்கைப் பாருங்கள். ஆக்டிவ் பேஸில் ஸ்டீரியோ ஜாக் இருக்கும், அதில் மூன்று தொடர்புகள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி நடுத் தொடர்பில் கட்டப்பட்டிருக்கும். சாதாரண மோனோ கேபிளைச் செருகியதும் அதன் உலோகத் தண்டு நடுத் தொடர்பையும் எர்த்தையும் சேர்த்துவிடும், அதனால் ப்ரீஆம்ப் உயிர்பெறும். அந்தத் தகடு தளர்ந்தால் பேட்டரி எவ்வளவு புதிதாக இருந்தாலும் மின்சாரம் போகாது. கேபிளைச் செருகிய நிலையில், ப்ரீஆம்ப்புக்குப் போகும் சிவப்புக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 9 வோல்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பழுது ஜாக்கிலோ கிளிப்பிலோ இருக்கிறது, ப்ரீஆம்ப்பைத் தொடாதீர்கள். தகட்டை லேசாக உள்பக்கம் வளைத்தால் பெரும்பாலும் சரியாகும். உருளை வடிவ ஜாக் என்றால் வளைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். அதுவும் நல்லதற்குத்தான், அந்த வகை எனக்குப் பிடித்ததே இல்லை.

9 வோல்ட் வந்தும் ஊமையாக இருந்தால் பிக்கப் கம்பிகளை அளக்கலாம். ஜாஸ் வகை பாசிவ் பிக்கப் ஒன்றில் சுமார் 7, 8 கிலோ ஓம் காட்டும். எல்லையில்லாமல் போனால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் எங்கோ ஷார்ட். ஆக்டிவ் பிக்கப்பை இப்படி அளப்பதில் அர்த்தமில்லை.

சத்தம் வருகிறது, ஆனால் அமுங்கி உடைகிறது

நூற்றுக்குத் தொண்ணூறு பேட்டரி. 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் பல ப்ரீஆம்ப்கள் பலமாக அடிக்கும்போது பிசிறும், மெதுவாக வாசித்தால் ஒழுங்காக இருப்பதுபோல நடிக்கும். அதனால்தான் வீட்டில் சரியாக இருந்தது மேடையில் சொதப்புகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டுப் பேட்டரியில் மிச்சம் பிடிப்பது, யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது மாதிரி.

பேட்டரி அடிக்கடி தீர்கிறதா? கணக்கு சுலபம். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி இருக்கும். ப்ரீஆம்ப் 1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 500 மணி நேரம், அதாவது கேபிளைச் செருகியபடியே விட்டால் இருபது நாளில் காலி. கேபிளை உருவிய பிறகும் மின்சாரம் போகிறதா என்று பார்க்க, கிளிப்பின் ஒரு முனையை மட்டும் பேட்டரியில் மாட்டி, மற்ற முனைக்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை மில்லி ஆம்பியர் அளவில் வையுங்கள். கேபிள் இல்லாதபோது பூஜ்யம் காட்டாவிட்டால் ஜாக் வயரிங் தப்பு, யாரோ முந்தைய உரிமையாளர் கைவரிசை காட்டியிருக்கிறார்.

18 வோல்ட்டுக்கு மாற்றலாமா என்று எல்லோரும் கேட்கும் கேள்வி. மாற்றினால் சத்தம் அதிகமாகாது, உச்சத்தில் மழுங்காமல் இருக்கும், அவ்வளவுதான். இரண்டு பேட்டரியையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பதால் ஆயுளும் இரட்டிப்பாகாது. அக்யுலார் ஓபிபி-3 மாதிரி சில ப்ரீஆம்ப்கள் 9, 18 இரண்டையும் ஏற்கும். எல்லாம் ஏற்காது. போர்டில் இருக்கும் உருளைக் கெப்பாசிட்டரில் 16 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். எபாக்ஸி ஊற்றிய ப்ரீஆம்ப்பில் எதையும் பார்க்க முடியாது, தயாரித்தவரிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது. ஒருமுறை எரிந்தால் அதைப் பிரித்துப் பழுது பார்க்கவும் வழியில்லை.

உறுமுகிறது, இரைகிறது

இதில்தான் ஜனங்கள் அதிகம் பணத்தை விரயமாக்குகிறார்கள், காரணம் எல்லா இரைச்சலையும் ஒரே நோயாக நினைத்து எல்லாவற்றுக்கும் பேஸின் உள்ளறையில் கவசமாகச் செப்பு நாடா ஒட்டுவது. இரண்டு வகை உண்டு. ஒன்று "ம்ம்ம்" என்ற கனத்த உறுமல், மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதைப் பொறுத்த தாழ்ந்த சத்தம். இன்னொன்று "ர்ர்ர்" என்று பல்லைக் கூசவைக்கும் கூர்மையான இரைச்சல்.

பேஸைக் கழுத்தில் மாட்டியபடி நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். திசை மாற மாறச் சத்தம் ஏறி இறங்கினால் அது காந்தப்புலம், ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் போன்றவற்றிலிருந்து ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துக்கொள்வது. இதற்குச் செப்பு நாடா ஒன்றும் செய்யாது. இரண்டு ஜாஸ் வகை பிக்கப் இருந்தால் இரண்டையும் முழுதாகத் திறந்தபோது உறுமல் அடங்கி, ஒன்றைக் குறைத்ததும் திரும்ப வந்தால் பேஸில் பழுதே இல்லை, அதன் சுபாவமே அதுதான். பிடிக்கவில்லை என்றால் அதே அளவில் உறுமல் நீக்கும் பிக்கப் போடலாம். அலெம்பிக்காரர்கள் தங்கள் சீரீஸ் வகை பேஸ்களில் இரண்டு பிக்கப்புக்கும் நடுவே தந்தியைக் கேட்காத ஒரு சுருளை வைத்து, அது பிடிக்கும் உறுமலை எதிராகச் சேர்த்து ரத்து செய்தார்கள். நடுவில் மூன்றாவது பிக்கப் மாதிரி தெரிவது அதுதான்.

"ர்ர்ர்" வகைக்கு வருவோம். தந்தியைத் தொட்டதும் குறைந்தால் எர்த் வேலை செய்கிறது, உள்ளறையில் கவசம் போதவில்லை. தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால் தந்திகள் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. மீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளித் தொடர்புக்கும் இடையே ஓரிரு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. இஎம்ஜி பிக்கப் இருந்தால் பிரிட்ஜ் எர்த் தேவையில்லை, அது இல்லையே என்று பதற வேண்டாம்.

செப்பு நாடா ஒட்டுவதானால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், ஓரங்களில் ஒரு சொட்டு சால்டர் வைத்து இணைக்க வேண்டும், பசையை நம்பக் கூடாது. முழுக்கவசத்தையும் ஓரிடத்தில் எர்த்தோடு சேருங்கள். முடித்ததும் சத்தமே வராமல் போவது இதில் வழக்கமான விபத்து: ஜாக்கின் முனைத் தொடர்பு, கேபிளைச் செருகும்போது வளைந்து நாடாவைத் தொடும். அங்கே ஒரு இன்சுலேஷன் டேப் போதும்.

மைக்கை உதடு தொட்டதும் சுரீரென்று ஷாக் அடித்தால் அது பேஸின் பழுதல்ல, மேடையின் மின் இணைப்பில் எர்த் சரியில்லை. வாசிப்பதை நிறுத்துங்கள். உறுமலைப் போக்க ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

இரண்டு பிக்கப்பையும் திறந்தால் சத்தம் ஒல்லியாகிறது

தனித்தனியாகக் கனமாக ஒலிக்கிற பிக்கப்கள் சேர்ந்ததும் அடித்தொண்டை போய் மூக்கால் பாடுவதுபோல் ஆனால் ஃபேஸ் தலைகீழ், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி ஒன்றையொன்று அடிக்கிறது. ஒரு பிக்கப்பை மட்டும் வேறு கம்பெனியுடையதாக மாற்றியவர்களுக்கு இது அடிக்கடி வரும். சந்தேகம் இருந்தால் பிக்கப்பின் இரு கம்பிகளையும் மீட்டரில் டிசி மில்லிவோல்ட்டில் மாட்டி, ஒரு ஸ்குரூடிரைவரைக் காந்த முனையில் ஒட்டவைத்துச் சட்டென்று இழுங்கள். ஒன்று ப்ளஸ் பக்கமும் மற்றது மைனஸ் பக்கமும் குதித்தால் ஒரு பிக்கப்பின் இரு கம்பிகளை மட்டும் இடம் மாற்றுங்கள். உலோக மூடி உள்ள பிக்கப்பில் மூடி எந்தக் கம்பியோடு இணைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் மூடியே ஆன்டெனா ஆகிவிடும்.

ஃபேஸ் சரியாகி உறுமல் மட்டும் இரண்டும் திறந்தபோதும் அடங்கவில்லை என்றால் புதிய பிக்கப்பின் காந்தமும் சுருளும் பழையதற்கு எதிராக அமையவில்லை. திசைகாட்டியை வைத்தால் காந்தத்தின் எந்த முனை மேலே என்று தெரிந்துவிடும். ஜோடியாக வாங்குவதுதான் நிம்மதி.

மாற்றம் செய்த பிறகு சத்தம் மந்தமாகிவிட்டது

பாட்டின் மதிப்பைப் பாருங்கள். பாட் என்றால் குமிழுக்கு அடியில் இருக்கும் அந்த உருண்டை. பாசிவ் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஆக்டிவ் இஎம்ஜிக்கு 25 கிலோ ஓம். பாசிவ் பிக்கப்பை 25-இல் கட்டினால் கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்கும். ஆக்டிவ் பிக்கப்பில் 250 போட்டால் குமிழ் சுவிட்ச் மாதிரி நடந்துகொள்ளும், பெரும்பகுதி சும்மா சுற்றி, ஒரு மூலையில் மட்டும் எல்லாம் நடக்கும். டோன் கெப்பாசிட்டர் வழக்கமாக 0.047 மைக்ரோ ஃபாரட், குமிழை மூடும்போது ரொம்பவே இருண்டு போகிறது என்பவர்கள் 0.022 போடலாம்.

பிக்கப் வாங்கும் முன், மரத்தில் அது உட்காரும் அறையின் அளவை எடுங்கள். சோப்புக்கட்டி வடிவம் என்ற ஒரே பெயரில் பல அளவுகள் விற்கிறார்கள், இஎம்ஜி 35 மூன்றரை அங்குல நீளம், 40 நாலு அங்குலம். நுழையவில்லை என்று மரத்தைக் குடைபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பிக்கப்பை மறுபடி கழற்றலாம், மரம் திரும்பி வராது. கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு எழுதி வையுங்கள், விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

தந்தி ஃப்ரெட்டில் அடிக்கிறது

ஃப்ரெட் என்றால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. எங்கே அடிக்கிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. விரல் வைக்காத தந்தி மட்டும் என்றால் கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் என்றால் கழுத்து ரொம்ப நேராகிவிட்டது, அல்லது பின்னால் வளைந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேலே மட்டும் என்றால் தந்தியின் உயரம் குறைவு, அல்லது கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மரம் மேடாகியிருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது.

அளக்கும் முறை: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் தந்தியை அழுத்தி, 7 அல்லது 8-ஆவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நல்லது, ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழையும் அளவு. அதிகம் இருந்தால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் இறுக்குவது, இல்லவே இல்லை என்றால் தளர்த்துவது. ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இறுக்கும் முன் தந்தியைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டால் ராடுக்குச் சுமை குறையும். பல அடுக்கு மரமும் கிராஃபைட் பட்டையும் கொண்ட கழுத்து சோம்பேறி, அன்று திருப்பியதற்கு மறுநாள்தான் பதில் சொல்லும். உடனே அசையவில்லையே என்று மேலும் மேலும் திருகி மரையைக் காலி செய்தவர்கள் உண்டு.

ஆறு தந்தி பேஸ்களில் இரண்டு ராடு இருக்கலாம், இரண்டையும் ஒரே அளவு திருப்புங்கள். ஆலன் கீயின் அளவும் முக்கியம், அங்குல அளவு ராடு முனையில் மில்லிமீட்டர் கீ ஏறக்குறையப் பொருந்தும், அந்த ஏறக்குறையதான் முனையை வழுக்கிப்போகச் செய்யும். பழைய மாடுலஸ், ஸ்டைன்பெர்கர் பேஸ்களில் கழுத்து முழுக்கக் கிராஃபைட், ராடே கிடையாது. அங்கே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கழுத்து சரியான பிறகுதான் உயரம். 12-ஆவது ஃப்ரெட்டில் மெல்லிய ஜி தந்திக்கு 2 மில்லிமீட்டர், தடித்த பி தந்திக்கு இரண்டரை என்று ஆரம்பித்து உங்கள் கைக்கு ஏற்ப இறக்குங்கள். இந்த வரிசை முக்கியம். முதலில் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடிலை ஏற்றி இறக்கிவிட்டு அப்புறம் ராடைத் தொட்டால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதாக முடியும்.

சேடில் முழுக்க இறங்கியும் தந்தி உயரமாகவே இருந்தால், போல்ட் போட்ட கழுத்து என்றால், கழுத்துக்கு அடியில் மெல்லிய ஆப்பு வைக்கலாம். பள்ளம் முழுவதும் நீளும் மர ஆப்பாக வையுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் அட்டைத் துண்டைச் செருகினால் நடுவே வெற்றிடம் விழுந்து, நாளடைவில் கழுத்தின் கடைசி ஃப்ரெட்டுகள் மேல்நோக்கி வளையலாம். உடலோடு ஒட்டிய கழுத்தில், அல்லது உடல் முழுக்க ஊடுருவிப்போகும் கழுத்தில் இந்த வழி இல்லை. அங்கே உயரம் குறைந்த பிரிட்ஜ் வாங்குவதுதான் தீர்வு, வாங்கும்முன் திருகுத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகிறது

ஜி தந்தியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட் வரை எங்காவது. அடித்ததும் "டும்" என்று அடங்கிவிடும், பக்கத்துச் சுரங்கள் நீண்டு ஒலிக்கும். அதே சுரத்தை டி தந்தியில் ஐந்து ஃப்ரெட் மேலே வாசித்தால் நன்றாகவே நிற்கும். இது டெட் ஸ்பாட், பழுது என்று சொல்ல முடியாது. கழுத்துக்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது. ஜி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட் சுமார் 131 ஹெர்ட்ஸ். கழுத்தின் அதிர்வு அதன் பக்கத்தில் வந்துவிட்டால் தந்தியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் மரக் கழுத்து என்றால் இது ஏதோ ஓரளவு இருக்கத்தான் செய்யும், விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை ஜீரணிக்க எனக்கே நாளாயிற்று.

சோதிக்க, துணி சுற்றி ஒரு சின்ன கிளாம்ப்பைத் தலைப்பகுதியில் மாட்டி வாசியுங்கள். செத்த இடம் ஒரு ஃப்ரெட் தள்ளிப்போனால் நோய் உறுதி. தலையில் நிரந்தரமாகக் கொஞ்சம் எடை சேர்த்து, அதிகம் புழங்காத சுரத்துக்கு அந்த இடத்தைத் தள்ளிவிடலாம், அறவே ஒழிக்க முடியாது. ஆனால் கிளாம்ப் எடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ட்யூனிங் கீயின் திருகு, மேல் வளையம் ஏதாவது தளர்ந்திருக்கிறதா? பிக்கப் தந்திக்கு ரொம்ப அருகே இருக்கிறதா? காந்தம் தந்தியை இழுத்தாலும் சுரம் தள்ளாடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

பி தந்தி தொளதொளவென்று இருக்கிறது

30.87 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் இதற்காகத் தந்தி நீளம் 34 அங்குலமான பேஸை விற்று 35 அங்குலம் வாங்குபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே தந்தி, அதே சுருதி என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும், 34-இலிருந்து 35-க்குப் போனால் சுமார் 6 சதவீதம். தந்தியின் தடிமனை .130 அங்குலத்திலிருந்து .135-க்கு மாற்றினாலே தோராயமாக 8 சதவீதம் கிடைத்துவிடும். ஒரு தந்தியின் விலையில் தீர்வது அது. நிஜமாகவே பெரிய வித்தியாசம் வேண்டுமென்றால் டிங்வால் மாதிரி ஃப்ரெட்டுகள் விசிறியாக விரிந்து, பி தந்தி 37 அங்குலம் போகும் பேஸில்தான் தெரியும், அங்கே சுமார் 18 சதவீதம்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது இலவச வேலை. தடித்த தந்தி சேடிலிலும் நட்டிலும் மடங்காமல் வில் மாதிரி வளைந்து நிற்கும். சேடிலைத் தாண்டியதும் கட்டைவிரலால் தந்தியைக் கீழே அழுத்துங்கள், நட்டின் இந்தப் பக்கமும் அப்படியே. பாதிப் பேருக்குத் தொளதொளப்பும் சுருதிப் பிசகும் அதோடு முடியும். புதுத் தந்தியை வெட்டும்போது முதலில் செங்குத்தாக மடக்கி, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் உள்கம்பியின் மேல் சுற்று நழுவி, அந்தத் தந்தி வாழ்நாள் முழுக்கச் செத்த சத்தம்தான் தரும்.

சுருதி நிற்கவில்லை

திறந்த தந்தி சரி, 12-ஆவது ஃப்ரெட்டில் மட்டும் பிசகு என்றால் சேடிலின் இடம். 12-இல் சுருதி ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். பழைய தந்தியில் இதைச் செய்வது வீண் வேலை. பி தந்தியில் சேடில் பின்னால் போக இடமில்லாமல் ஸ்பிரிங் தடுத்தால் அந்த ஸ்பிரிங்கை எடுத்துவிடலாம், தந்தியின் அழுத்தமே சேடிலைப் பிடித்துக்கொள்ளும்.

திறந்த தந்தியே நகர்கிறது, ட்யூன் செய்யும்போது "டிங்" என்று ஒரு சத்தம் கேட்கிறது என்றால் நட்டில் சிக்குகிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அப்புறம், எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சுருதி சேர்க்க வேண்டும். ஒரு லீவரால் ஈ தந்தியை டி-க்கு இறக்கும் ஹிப்ஷாட் டி-ட்யூனர் போட்டவர்களுக்கு ஈ திரும்பி வரவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் இதே சிக்கல்தான். முதலில் லீவர் மூடிய நிலையில் ஈ, பிறகு திறந்து சின்னத் திருகில் டி, நாலைந்து முறை தட்டித் தட்டிச் சரிபார்க்க வேண்டும்.

கையை விட்டால் தலை கவிழ்கிறது

உடலின் மேல்கொம்பு 12-ஆவது ஃப்ரெட் வரை நீளாத பேஸ்களில் இது உண்டு. அகலமான, உட்பக்கம் சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப்பை முதலில் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் எடை குறைந்த ட்யூனிங் கீகள். தலை தொலைவில் இருப்பதால் அங்கே குறையும் ஒவ்வொரு கிராமும் உடலில் சேர்க்கும் பல கிராமுக்குச் சமம். ஆனால் துளையின் விட்டம் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வாங்கி, அப்புறம் தலையில் டிரில் போடுவது நான் மேலே சொன்ன வயிற்றெரிச்சல் பட்டியலில்தான் சேரும்.

ஃப்ரெட் முனை கையைக் கீறுகிறது

காற்று வறண்டு ஃபிங்கர்போர்டு சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. அரத்தை எடுக்கும் முன் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் உள்ள அறையில் சில வாரம் வைத்துப் பாருங்கள், தானாக உள்ளே போய்விடக்கூடும். எபனி, வெங்கே போன்ற பூச்சில்லாத மரத்துக்கு வருடத்தில் ஓரிரு முறை எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். லாக்கர் அடித்த மேப்பிளுக்கு ஒன்றும் வேண்டாம்.

தயாரித்தவரிடமே அனுப்பிப் பழுது பார்க்கலாம் என்று நினைத்தால், அவர் வேறு நாட்டில் இருந்தால், மரம் என்னவென்று பாருங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பேஸ் திரும்பி வராமலே போகலாம். புபிங்கா மரம் 2017-இல் சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் முழுதாகச் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு.

திருகு சும்மா சுற்றுகிறது

ஸ்ட்ராப் பொத்தான், பின்மூடி, பிக்கப் திருகு, எல்லாவற்றிலும் நடக்கும். பெரிய திருகு போடாதீர்கள். துளையில் மரப் பசை விட்டு, கெட்டி மரத்தில் சீவிய குச்சியை இறுக்கமாகச் செருகி, வெளியே நீட்டியதை வெட்டி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் திருகின் நடுத்தண்டை விடக் கொஞ்சம் மெல்லிய பிட்டால் துளை போட்டு, மரையில் மெழுகு தடவி, பவர் டிரில் வேண்டாம், கையாலேயே ஏற்றுங்கள்.